காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் வருகைப் பதிவேட்டில் விடுப்புகள் கூடும். "டெஸ்ட் எடுத்தாச்சு சார், டெங்கு இல்லைன்னு வந்துட்டு" என்று பெற்றோர் சொல்லும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "காய்ச்சலுக்கு எத்தனாவது நாள்ல எடுத்தீங்க?"

காரணம் உண்டு. 2012இல், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதன்பின் 'தட்டணு' என்ற சொல் இங்கே பல வீடுகளில் புழங்குகிறது. பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் முறைதான் இன்னும் பலருக்குப் பிடிபடவில்லை.

டெங்குக்கு முக்கியமாக இரண்டு பரிசோதனைகள். என்.எஸ்.1 என்பது வைரஸ் வெளியிடும் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்து நாள்வரை ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம். ஐ.ஜி.எம். என்பது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். பெரும்பாலும் ஐந்தாம் நாளையொட்டித்தான் தென்படும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்தாலும், ஏழாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்த்தாலும், டெங்கு உள்ள குழந்தைக்கே 'இல்லை' என்று வரலாம். ஆய்வகத்தின் மேல் தவறில்லை. கேட்ட நாள்தான் பொருந்தவில்லை.

அதனால் மருத்துவர் சீட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. உடல்வலி, தடிப்பு, அதே தெருவில் வேறு யாருக்கேனும் டெங்கு உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். டெங்கு பரவியுள்ள தெருவில் வரும் 'இல்லை'யும், ஒருவருக்கும் இல்லாத ஊரில் வரும் 'இல்லை'யும் ஒரே எடை உடையவை அல்ல. மேல்நிலைக் கணித ஆசிரியர்கள் பேயிஸ் தேற்றத்துக்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுகிறவர்கள், சீட்டில் பக்கத்திலேயே இருக்கும் பி.சி.வி. என்ற அளவைப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதே அது. டெங்கு கடுமையாகும்போது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். அதே குழந்தையின் முந்தைய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கசிவு என்று மருத்துவர் கருதுவார். குளுக்கோஸ், சலைன் எவ்வளவு ஏற்றுவது என்பதற்கும் இந்த அளவு தேவை. ஒரே ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பது இதற்காகத்தான். 'காசு பார்க்கிறார்கள்' என்று சலித்துக்கொள்ளும் பெற்றோருக்கு நாம் இதை விளக்கலாம். தட்டணு ஏற்றுவதையும் எண்ணிக்கை ஒன்றைக் கொண்டே தீர்மானிப்பதில்லை. ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

நம் கவனத்துக்கு உரியது இனிதான். இந்தக் கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் நேர்கிறது. 'காய்ச்சல் விட்டுட்டு' என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அப்போதுதான்! கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், அசதியாய்ச் சுருண்டு படுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், 'இல்லை' என்ற சீட்டு கையில் இருந்தாலும், உடனே பெற்றோருக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பதிவேட்டில் விடுப்பு திங்கள்கிழமை தொடங்கியிருக்கும். காய்ச்சல் சனிக்கிழமையே வந்திருக்கலாம். அதையும் கேட்டு எழுதுங்கள்.