அடுத்த அடிக்குத் தயாராகும் ஈஸ்ட்

25 டிகிரி செல்சியஸில் சுகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் செல்களைச் சட்டென்று 37 டிகிரிக்கு மாற்றினால், சில நிமிடங்களிலேயே அவற்றின் மரபணுக்கள் பரபரக்கத் தொடங்கிவிடும். இந்தப் பரபரப்பைக் கண்ணால் பார்க்க வைத்தது மைக்ரோஅரே என்ற உத்தி.

ஈஸ்ட்டின் மரபணுத் தொகுப்பு முழுவதும் 1996இல் படித்து முடிக்கப்பட்டது. அதிலுள்ள சுமார் 6,000 மரபணுக்களுக்கும் ஆளுக்கொரு டிஎன்ஏ புள்ளியைக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். வேலையிலிருக்கும் மரபணு தூது ஆர்என்ஏவை உண்டாக்கும். சாதாரணச் செல்லின் ஆர்என்ஏவிலிருந்து எடுத்த நகலுக்குப் பச்சைச் சாயம், சூடுபட்ட செல்லினுடையதற்குச் சிவப்பு. இரண்டையும் கலந்து தகட்டில் விட்டால், ஒவ்வொரு நகலும் தன் இணைப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பாக ஒளிரும் மரபணு முடுக்கப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் அடக்கப்பட்டிருக்கிறது. மஞ்சளில் மாற்றமில்லை.

ஆட்ரி காஷ், பேட்ரிக் பிரவுன், டேவிட் பாட்ஸ்டைன் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் வெப்பம், ஹைட்ரஜன் பெராக்சைடு, பட்டினி என ஈஸ்ட்டுக்குப் பலவிதச் சோதனைகள். தொல்லை எதுவானாலும் ஏறத்தாழ 900 மரபணுக்கள் ஒரே மாதிரி நடந்துகொண்டன! சுமார் 600 அடங்கின, 300 எழுந்தன. அடங்கியவற்றில் பெரும்பாலானவை வளர்ச்சிக்கானவை, குறிப்பாகப் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமைக் கட்டுபவை. வேகமாக வளரும் ஈஸ்ட்டின் ஆர்என்ஏ உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் ரைபோசோமுக்கே போகிறது. வைத்தியச் செலவு வந்ததும் வீடு கட்டும் வேலையை நிறுத்திவைக்கும் குடும்பத்தைப் போல, செல் முதலில் அதில்தான் கைவைக்கிறது. எழுந்தவையோ உருக்குலைந்த புரதங்களைச் சீராக்கும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கும்.

ஆனால் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது ஒரு புதிர் முளைத்தது. நெருக்கடியில் எழும் மரபணுக்களில் பெரும்பாலானவை இல்லாமலேயே ஈஸ்ட் அந்த நெருக்கடியைத் தாண்டிவிடுகிறது. பின் எதற்கு இத்தனை ஆரவாரம்?

2008இல் டேவிட் பெரியும் காஷும் கொடுத்த விடை என்னை இன்னும் வியக்கவைக்கிறது. லேசான தொல்லையை ஒருமுறை பட்ட ஈஸ்ட், பிறகு வரும் கடும் தொல்லையையும் தாங்கும். எழும் மரபணுக்களில் பலவற்றை முடுக்கிவிடுபவை எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற இரு புரதங்கள். இவை இல்லாத செல்களும் முதல் தொல்லையைச் சமாளித்தன. அடுத்ததைத் தாங்கும் வலு மட்டும் குன்றிப்போயிருந்தது.