மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?

"தம்பி, இது விளையாட்டுச் சாமான் இல்ல. மணிக்கு 60 கிலோமீட்டர் போகும்!" என்றார் கடைக்காரர்.

என் அக்கா மகனின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க மணிக்கு அவ்வளவு வேகம் வேணாம் அண்ணே. அவன் பாவம்" என்றான்.

மணி என்பது அவர்கள் வீட்டு நாயின் பெயர் என்று நான் நடுவில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று.

மணி தெருவில் பிறந்தவன். இரண்டு வயது, 16 கிலோ. பால்காரரின் பைக், கூரியர்காரரின் பைக், எதிர்வீட்டு மாமாவின் ஸ்கூட்டர் என்று எதையும் சும்மா விடமாட்டான். துரத்துவதற்கென்றே அவனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று பையனுக்குத் தோன்றியிருக்கிறது. உண்டியலை உடைத்துவிட்டு, "சித்தி, கூட வாங்க" என்று என்னைக் கூப்பிட்டான்.

கார் இருக்கட்டும், முதலில் நாயைப் பார்ப்போம். பைக்கைத் துரத்தும் நாய்க்கு அந்த பைக்கின் மேல் என்ன கோபம்? வண்டியை நிறுத்திப் பாருங்கள். பல நாய்கள் நாலடி தள்ளி நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கும். அவை துரத்தியது வண்டியை அல்ல, அதன் ஓட்டத்தைத்தான். ஓநாயின் வேட்டையில் உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று ஒரு சங்கிலி உண்டு. நாயைப் பழக்கி வளர்த்த மனிதர்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சங்கிலியின் சில கண்ணிகளை வலுவாக்கினார்கள், சிலவற்றைத் தேயவிட்டார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாய் உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், பெரும்பாலும் கடிக்காது. லாப்ரடாருக்குக் கவ்விக்கொண்டு வருவதில்தான் ஆனந்தம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை.

உங்கள் நாய் எந்த ரகம்? ஒரு பந்தை எறிந்தால் தெரிந்துவிடும். பந்து நின்றதும் ஆர்வம் போய், வெறும் வாயோடு திரும்பினால் அது துரத்தல்காரன். கவ்விக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தால் கவ்வல்காரன். மணி இரண்டாம் ரகம். அவன் காரைப் பிடித்தே தீருவான், பிடித்ததும் கடிப்பான். நாங்கள் கார் தேர்ந்தெடுத்தது இதை மனதில் வைத்துத்தான்.

பையனின் கை நேராகச் சிவப்புக் காருக்குப் போனது. எனக்கும் சிவப்புதான் பிடித்தது. ஆனால் மணிக்கு? நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை, நாயின் கண்ணில் இரண்டே வகை. 1989-ல் அமெரிக்காவில் ஜே நெய்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதை நாய்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மூன்று ஒளித்தட்டுகளில் இரண்டு ஒரே நிறம், ஒன்று வேறு. வேறானதை மூக்கால் தொட்டால் தின்ன ஏதாவது கிடைக்கும். நீலத்தையும் மஞ்சளையும் நாய்கள் எளிதாகப் பிரித்துக் காட்டின. சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒரே குடும்பம். சிவப்பு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். பச்சைப் புல்லில் நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்புக் கார், மணிக்கு அழுக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. நீலக் காரோ தனித்துத் தெரியும்.

"அப்ப இந்தக் கடையில சிவப்பு கார் எல்லாம் யாருக்கு?" என்று கேட்டான். வேறு யாருக்கு? காசு கொடுக்கிற நமக்குத்தான்.

அடுத்தது வேகம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். 50 மீட்டர் நீளமுள்ள பொட்டலை மூன்றே நொடியில் கடந்து வேலியில் போய் மோதும். மணி போன்ற ஒரு நாட்டு நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். அதைவிட முக்கியம் மோதலின் பலம். ஓடும் பொருளின் ஆற்றல் எடைக்கு ஏற்ப ஏறும். வேகத்துக்கோ வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 2 கிலோ கார் 30 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 70 ஜூல். அதே கார் 60-ல் வந்தால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, 280 ஜூல். குறுக்கே வரும் நாயின் முன்னங்கால் எலும்பு இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காது. நாயைவிடச் சற்று மெதுவாக ஓடி, சட்டென்று திரும்பும் கார் போதும். துரத்தலின் சுவையே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஆனால் வளரும் குட்டிக்கு அதே திருப்பம் ஆகாது. அதன் எலும்பு முனைகளை ஒட்டிய வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், ஆகவே ஒரு வயதாவது தாண்டட்டும்.

அடுத்து அளவு. பெட்டியில் 1:10, 1:18 என்று போட்டிருப்பார்கள். 4 மீட்டர் நீள நிஜக் காரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 40 சென்டிமீட்டர். மணியின் வாய்க்குள் முழுசாக அடங்காத அளவு இது. 1:18 கார் அவனுக்கு ஒரு கடி.

கடைக்காரர் பழைய மாடல் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். அதன் தலையில் நீளமான கம்பி ஆண்டெனா. வேண்டாம் என்றேன். பழைய பொம்மைகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடின. அந்த அலையின் நீளம் 11 மீட்டர், அதனால் ஆண்டெனாவும் நீளமாக வேண்டியிருந்தது. இப்போதைய கார்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். அதில் கால்பங்கு, மூன்று சென்டிமீட்டர் கம்பி போதும். காருக்குள்ளேயே மறைத்துவிடலாம். குனிந்து கவ்வ வரும் நாயின் கண்ணில் குத்தாது. (ரேடியோ அலையால் வண்டி ஓட்டும் வித்தை புதிதல்ல. 1898-லேயே நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு குட்டிப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார்.)

இனி வருவதைப் பெரியவர்களும் படிக்கட்டும். வேகமான கார்களில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரி இருக்கும், மெல்லிய பை போல. நாயின் பல் அதில் இறங்கினால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, சூடாகி, தீப்பிடிக்கலாம். நிக்கல் பேட்டரியில் அந்தத் தீ ஆபத்து மிகக் குறைவு. எந்த பேட்டரியானாலும் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இருக்கவேண்டும். பல்சக்கரங்கள் வெளியே தெரியும் காரில் நாயின் முடி சுற்றிக்கொள்ளும். விளையாடி முடித்ததும் ரிமோட்டை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். காரைவிட ரிமோட்டைக் கடித்துக் குதறிய நாய்களே அதிகம் என்பது என் சந்தேகம்.

சரி, கவ்வல்காரன் மணியிடமிருந்து காரைக் காப்பாற்றுவது எப்படி? அமெரிக்காவின் ஓவன் பேட்ரிக் ஸ்மித் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி காட்டிவிட்டார். நாய்ப் பந்தயத்தில் உயிருள்ள முயல்கள் சாவதைப் பார்த்து, தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலை உருவாக்கினார். 1919-ல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் அப்படி ஒரு களம் திறந்தார். நாய்களுக்கு அது நிஜமா பொம்மையா என்ற கவலையே இல்லை. ஓடினால் சரி! நாங்களும் ஒரு பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து, மூன்று மீட்டர் கயிற்றில், வாங்கிய நீலக் காரின் பின்னால் கட்டினோம். மணி பிடிக்கவேண்டியது காலுறையை. கயிறு சக்கரத்தில் சிக்காமலிருக்க ரிவர்ஸ் மட்டும் போடக்கூடாது.

அவனைப் பிடிக்கவும் விடவேண்டும். லேசர் விளக்கின் புள்ளியைத் துரத்தும் நாய்க்குக் கடைசிவரை எதுவும் வாயில் அகப்படாது. சில நாய்கள் பிறகு நிழலையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் முறைத்துக்கொண்டே கிடக்கும்.

கண்மாய்ப் பொட்டலுக்கு மாலை ஆறு மணிக்குப் போனோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஆகவே வெயில் நேரம் கூடாது. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்து, சுடவில்லை என்று தெரிந்தபின் ஆரம்பித்தோம்.

காரை ஓட்டாமல் முதலில் மணியின் முன் வைத்தோம். சுற்றிச் சுற்றி மோந்தான். பையன் ஸ்விட்சைப் போட்டதும் மணியின் காது நிமிர்ந்தது. நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000-தான். மோட்டாரின் கீச்சொலியில் நமக்குக் கேட்காததும் அவனுக்குக் கேட்டிருக்கும். ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு பின்னங்காலைத் தூக்கி நீலக் காரின் சக்கரத்தில் நிதானமாக மூத்திரம் பெய்தான். தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை.

கார் கிளம்பியது. காலுறை துள்ளியது. மணி ஓடினான்! மூன்று முறை தப்பவிட்டு நாலாவது திருப்பத்தில் கவ்விக்கொண்டான். பையன் உற்சாகத்தில் ரிமோட்டை விடாமல் அழுத்தினான். மணியும் கயிற்றை விடவில்லை. "கையை எடுடா!" என்று கத்தினேன். சுழலமுடியாமல் நிற்கும் மோட்டார்தான் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும், சீக்கிரம் கருகிப்போகும். அவன் கையை எடுத்தான். 16 கிலோ மணி 2 கிலோ காரைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

பால்காரரின் பைக்கையா? அதையும் துரத்துகிறான்தான். இப்போது "போதும் மணி" என்றால் காலுறைக்கு நிற்கிறான். பைக்குக்கு நிற்பது பத்துக்கு மூன்று முறை.