கடலை எழுதிய தூரிகைகள்

வல்லம் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனால் வரும். ஓர் எழுத்தை மாற்றி 'வள்ளம்' என்று எழுதினால் படகாகிவிடும்! ஆனால் அந்த ஊரில் கடல் ஏது? கடலைப் பார்க்கத் திண்டிவனம் தாண்டி மரக்காணம் வரை போக வேண்டும். அங்கே கரையில் நின்று மீனுக்குப் பேரம் பேசும் பெண்களைக் கண்டால், இவர்களை யாராவது சித்திரமாக எழுதி வைத்தார்களா என்று கேட்கத் தோன்றும்.

நம் கிழக்குக் கரையில் வெள்ளைக்காரச் சித்திரக்காரர்கள் விரும்பி எழுதியது சென்னைக் கடலைத்தான். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் சென்னை வந்தார்கள். 1797-ல் அவர்கள் வெளியிட்ட கோட்டைச் சித்திரத்தில் முன்னால் சீறும் அலை, அதில் படகுகள். பின்னால் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். மசூலாப் படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். அந்தப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். யாராவது தண்ணீரில் விழுந்தால் கட்டுமரக்காரர்கள் பாய்ந்து தூக்குவார்கள். கப்பலுக்குக் கடிதத்தைக்கூட ஓலைத் தொப்பிக்குள் வைத்து, நனையாமல் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். இத்தனை சாகசக்காரர்கள் சித்திரத்தில் எறும்பளவுதான். கோட்டையல்லவா பெரிது!

தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் துரைமார்களுக்காக ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தம்பதியை எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் ஆடையும் கருவியும் இருக்கும். காற்றும் கவலையும் இருக்காது.

மீனவரை முன்னால் நிறுத்திய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். வின்ஸ்லோ ஹோமர், 1836-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1881-ல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் ஊருக்குப் போனவர், மறு வருஷம்வரை அங்கேயே தங்கிவிட்டார். அவரை இழுத்தது அவ்வூர்ப் பெண்கள்தான் என்று நினைக்கிறேன். வலையைச் செப்பனிடுவதும் மீனைக் கூடையில் சுமந்து விற்பதும் அவர்கள் வேலை. 1883-ல் எழுதிய ஒரு நீர்வண்ணச் சித்திரத்தில் ஒருத்தி கூடையோடு எதிர்க்காற்றில் நிற்கிறாள். இடுப்புத் துணி பாய்போல் விரிகிறது. அவள் பார்வையில் கெஞ்சல் இல்லை.

1885-ல் வந்தது 'மூடுபனி எச்சரிக்கை'. சிறு படகில் தனி மனிதன். பின்புறம் பெரிய மீன்கள். அடிவானத்தில் தாய்க்கப்பல், அதையொட்டி எழும்பும் பனிப்படலம். மீன் கனக்கிறது. அதை எறிந்தால் படகு விரையும். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! துடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறான். கப்பலை எட்டினானா? ஹோமர் சொல்லவில்லை. பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் அவன் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அந்த நூற்றாண்டில் நம் கரைக்கும் இப்படி ஒருவர் வந்து, மீன்காரியைக் கிட்டே நின்று பார்த்திருந்தால், தலைக் கூடையோடு விட்டிருப்பாரா? இடுப்பில் செருகிய சுருக்குப் பையையும் எழுதியிருப்பார். அன்றைய வரும்படியும் கடனும் அதற்குள்தானே!