எப்பாக்சி பிசின் கொண்டு கற்காரை அடித்தரையைச் செப்பனிடல்

கற்காரை அடித்தரையை எப்பாக்சி பிசின் கொண்டு செப்பனிடல் என்பது, ஓடு, பளிங்கு, மரப்பலகை, பூச்சு போன்ற மேற்தரைப் பொருட்களைத் தாங்கி நிற்கும் கற்காரைப் பரப்பில் உண்டான விரிசல்களை ஒட்டுவதையும், உதிரும் அளவுக்கு வலுக்குன்றிய பரப்பினுள் பிசினை ஊறச் செய்து இறுக்குவதையும் குறிக்கும். கான்கிரீட் எனப் பரவலாக அழைக்கப்படும் கற்காரையாலான பலகமும், அதன்மேல் மட்டம் பார்த்து இடப்படும் சிமெண்டுச் சாந்துப் படலமும் இங்கு அடித்தரை எனப்படுகின்றன. அடித்தரையின் குறை பெரும்பாலும் மேற்தரையில்தான் வெளிப்படுகிறது. விரிசலின் போக்கிலேயே ஓடுகள் பிளப்பது, தட்டும்போது வெற்றொலி எழுவது, பூச்சானது சாந்தின் மேற்தோலோடு சேர்ந்து உரிந்து வருவது ஆகியன இதன் அறிகுறிகளாகும்.

எப்பாக்சி பிசின்

எப்பாக்சி இரு கூறுகளாக விற்கப்படும் ஒரு செயற்கைப் பிசினாகும். முதற் கூறான பிசின் பெரும்பாலும் பிசுபீனால்-ஏ, எப்பிகுளோரோஐதரின் ஆகிய சேர்மங்களின் வினையால் கிடைக்கிறது. இதன் மூலக்கூறின் முனைகளில் இரு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையங்கள் உள்ளன. நெருக்குண்ட நிலையிலுள்ள இவ்வளையங்கள் எளிதில் திறக்கும் இயல்புடையவை. இரண்டாம் கூறான கடினமாக்கி, கட்டுமானப் பணிகளில் பொதுவாக அமீன் வகையைச் சார்ந்தது. அமீனில் நைட்ரசனோடு இணைந்துள்ள ஒவ்வோர் ஐதரசனும் ஒரு வளையத்தைத் திறந்து அதனோடு பிணைகிறது. இவ்வாறு மூலக்கூறுகள் நாற்புறமும் கோர்த்துக்கொண்டு ஒரு முப்பரிமாண வலை உருவாகிறது. ஒருமுறை இறுகிய எப்பாக்சியை மீண்டும் உருக்கிப் பயன்படுத்த இயலாது.

கடினமாக்கி ஒரு வினையூக்கி அன்று. அதுவும் வலையின் ஓர் உறுப்பாகவே அமைகிறது. எனவே உற்பத்தியாளர் குறித்த விகிதத்திலிருந்து விலகினால், ஏதேனும் ஒரு கூறு துணையின்றி எஞ்சி, பிசின் நிலையாக மென்மையாகவோ ஒட்டுந்தன்மையுடனோ இருந்துவிடும். விரைவில் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றும் வழக்கம் பணியிடங்களில் உண்டு. அது வலுவைக் குறைப்பதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

1934ஆம் ஆண்டில் செருமனியின் பால் சிலாக்கு, எப்பாக்சைடுகளும் அமீன்களும் சேரும் வினைக்குக் காப்புரிமை கோரினார். சுவிட்சர்லாந்தின் பியேர் காசுதான் 1930களின் பிற்பகுதியில் செயற்கைப் பல் வார்ப்பதற்கென இத்தகைய பிசினை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தையொட்டி அமெரிக்காவில் சில்வன் கிரீன்லி பூச்சுகளுக்காக இதே வேதியியலை வளர்த்தெடுத்தார். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்னும் பெயரில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழகத்தில் பலரும் இரு சிறு குழாய்களாக வாங்கி அறிந்துள்ள ஒட்டுப்பொருள் இதுவே. 1954இல் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறை, கற்காரைச் சாலைகளில் புடைப்பான குறிகளை ஒட்டுவதற்கு எப்பாக்சியை நாடியது. கற்காரையோடு இப்பிசினுக்குள்ள நீண்ட உறவின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

சிமெண்டுப் பால் ஏன் போதாது

விரிசலில் சிமெண்டுப் பால் ஊற்றி அடைப்பது கொத்தனார்களிடையே வழங்கும் பழைய முறை. அகன்ற பிளவுகளில் இது ஓரளவு பயன்படும். மெல்லிய விரிசல்களில் பயன்படாது. சாதாரண சிமெண்டின் பெரிய துகள்கள் ஏறத்தாழ 0.09 மி.மீ. வரை இருக்கும். எனவே 0.1 மி.மீ. விரிசலின் வாயிலேயே அவை சிக்கிக்கொள்ள, நீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. மேலும் சிமெண்டுப் பால் உலரும்போது சுருங்கி, விரிசலின் சுவரிலிருந்து விலகிவிடுகிறது.

எப்பாக்சியில் துகள்கள் இல்லை. இறுகும்போது அதிலிருந்து நீரோ வேறு பொருளோ வெளியேறுவதில்லை. சுருக்கமும் மிகக் குறைவு. விரிசல்களுள் செலுத்துவதற்கென ஆக்கப்பட்ட வகைகள் விளக்கெண்ணெயை விடப் பல மடங்கு இளகியவை. அமெரிக்கக் கற்காரைக் கழகத்தின் வழிகாட்டி, 0.05 மி.மீ. அளவுக்குக் குறுகிய விரிசல்களையும் எப்பாக்சியை அழுத்தத்துடன் செலுத்தி ஒட்டமுடியும் என்கிறது.

விரிசலின் காரணத்தை அறிதல்

செப்பனிடும் பணியில் மிகுந்த கவனம் வேண்டுவது பிசின் ஊற்றும் கட்டமன்று, அதற்கு முந்தைய கட்டமே. விரிசல் உறங்கும் விரிசலா, இயங்கும் விரிசலா என்பதை முதலில் அறியவேண்டும். கற்காரை உலரும்போது ஏற்படும் சுருக்கத்தால் உண்டாகி, பின்னர் அசைவற்றுப் போனது உறங்கும் விரிசல். வெப்ப மாற்றம், மண் அமிழ்தல், பாரம், அதிர்வு ஆகியவற்றால் தொடர்ந்து திறந்து மூடுவது இயங்கும் விரிசல்.

கற்காரையின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. நன்கு இறுகிய எப்பாக்சியின் இழுவலிமையோ கற்காரையினதை விடப் பல மடங்கு மிகுதி. ஆகவே இயங்கும் விரிசலை எப்பாக்சியால் விறைப்பாக ஒட்டிவிட்டால், ஒட்டிய இடம் பிளவாது. அசைவு நிற்காததால் அதற்குச் சற்று அருகில் கற்காரை புதிதாகப் பிளக்கும். பிசின் தரமற்றது என்று பழி கூறப்படும் நேர்வுகளில் பல இவ்வகையினவே. இயங்கும் விரிசலுக்கு நெகிழும் அடைப்புப் பொருளோ, முறையான இணைப்பிடைவெளியோதான் ஏற்றது. கட்டடத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட விரிவு இணைப்புகளையும் எப்பாக்சியால் அடைக்கலாகாது.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்துச் சில வாரங்கள் கவனிப்பது எளிய சோதனை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இயங்குகிறது என்று பொருள். ஆனால் சில வாரங்களில் ஆண்டின் எல்லாப் பருவங்களும் வந்துபோவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். விரிசலின் ஒருபுறம் மறுபுறத்தை விட உயர்ந்திருந்தால் அடியிலுள்ள மண் இறங்கியிருக்கலாம். விரிசலையொட்டிப் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். துரு, தான் தோன்றிய இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கற்காரையை உள்ளிருந்தே பிளக்கிறது. இந்நிலையில் மேலிருந்து ஒட்டுவது நோயை மறைப்பதேயாகும். கூரைப் பலகம், உத்தரம் முதலிய தாங்குறுப்புகளில் உள்ள விரிசல்களைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பின்னரே தொடவேண்டும்.

அகலமும் ஒரு குறிப்பைத் தருகிறது. வலுவூட்டிய கற்காரைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, பொதுவாக 0.3 மி.மீ. வரையிலும், ஈரத்துக்கோ மண்ணுக்கோ உட்பட்ட உறுப்புகளில் 0.2 மி.மீ. வரையிலும் பரப்பு விரிசலை ஏற்கிறது. எல்லா விரிசலும் பழுது அன்று என்பதற்கு இது சான்று.

விரிசலை ஒட்டும் முறைகள்

பலகத்தின் முழு ஆழத்துக்கும் பிசின் செல்லவேண்டிய இடத்தில் அழுத்திச் செலுத்தும் முறை கையாளப்படுகிறது. விரிசலின் வாய் நெடுகக் கெட்டியான எப்பாக்சிப் பசையால் மூடப்பட்டு, இடையிடையே சிறு குழல்கள் பொருத்தப்படுகின்றன. ஒரு முனையிலுள்ள குழலில் பிசினைச் செலுத்த, அடுத்த குழலில் அது வெளிவரும்போது முதலாவதை மூடிவிட்டு அடுத்ததற்கு நகர்வர். அடிப்புறம் திறந்திருந்து அதை மூட வழியில்லாவிட்டால் பிசின் கீழே ஒழுகிவிடும்.

சமதளமான தரைகளில் புவியீர்ப்பே போதுமானதாக அமைவதுண்டு. விரிசலின் மேல் மிக இளகிய பிசினை ஊற்றி, அது இறங்க இறங்க மீண்டும் நிரப்புவர். எப்பாக்சிக்கு மாற்றாக மெத்தக்ரிலேட்டு வகைப் பிசின்களும் இதற்குப் பயன்படுகின்றன.

சிமெண்டுச் சாந்துப் படலத்தில் பெரிதும் பயன்படுவது தையல் முறை. விரிசல் முதலில் அதன் நீளத்துக்குக் கிரைண்டரால் சற்று அகலமாக்கப்படுகிறது. பின்னர் விரிசலுக்குக் குறுக்கே, ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. இடைவெளிகளில், படலத்தின் அடிவரை செல்லாத சிறு வெட்டுகள் இடப்படுகின்றன. படலத்துக்குள் நீர்க்குழாயோ மின்குழாயோ செல்கிறதா என்பதை அறியாமல் வெட்டலாகாது. தூசியை உறிஞ்சு கருவியால் முற்றாக நீக்கியபின், வெட்டுகளில் நெளிவான எஃகுத் துண்டுகளோ கம்பித் துண்டுகளோ வைக்கப்பட்டு, பிசின் நிரம்ப ஊற்றப்படுகிறது. பிசின் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் உலர்ந்த குவார்ட்சு மணல் தூவப்படும். இறுகிய எப்பாக்சியின் மழமழப்பான பரப்பில் சிமெண்டுச் சாந்தோ ஓட்டுப்பசையோ பிடிப்பதில்லை. மணல் அதற்குச் சொரசொரப்பை அளிக்கிறது. பலர் விட்டுவிடும் இச்சிறு வேலையே பின்னர் ஓடு பெயர்வதற்குக் காரணமாகிறது.

வலுக்குன்றிய அடித்தரையை இறுக்குதல்

சாந்தில் நீர் மிகுந்துவிடுவது தரை வலுவிழப்பதற்கு முதன்மையான காரணம். மிகுந்த நீர் மேலே எழும்போது மென்துகள்களையும் கொண்டுவந்து பால்படலம் எனும் நொய்ந்த தோலை உண்டாக்குகிறது; ஆவியாகிச் சென்ற பின் தன் வழியெங்கும் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீராற்றாமல் வெயிலிலோ காற்றிலோ உலரவிட்ட தரையில் மேற்பரப்புச் சிமெண்டு தன் வினையை முடிப்பதில்லை. ஈரம் குறைவாகக் கலந்து இடப்படும் சாந்தை நன்கு தட்டி இறுக்காவிடில், மேல்பகுதி கெட்டியாகவும் அடிப்பகுதி பொலபொலவெனவும் அமையும்.

கூரிய ஆணியால் கீறிப்பார்த்தல், சுத்தியலால் தட்டி ஒலி கேட்டல் ஆகியன தொடக்கச் சோதனைகள். பிரித்தானியத் தரம் பி.எஸ். 8204 இதற்கு அளவிட்ட முறை ஒன்றைத் தருகிறது. 4 கி.கி. எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் நான்கு முறை விழச் செய்யப்பட்டு, குழியின் ஆழம் அளக்கப்படும். கடும் போக்குவரத்துள்ள தரையில் குழி 3 மி.மீ.க்கு மேற்படலாகாது, இலகுவான பயன்பாட்டுக்கு 5 மி.மீ. வரை ஏற்கப்படும். பிசின் பூச்சுகளைத் தாங்கவேண்டிய தரைக்கு இழுத்துப் பெயர்க்கும் சோதனையும் உண்டு. இதில் பரவலாகக் கேட்கப்படும் அளவு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன். 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை ஒட்டி, அதில் 300 கி.கி. எடையைத் தொங்கவிடுவதற்கு இது ஏறத்தாழ ஒப்பாகும்.

பிசின் ஊறுவது நுண்புழை ஈர்ப்பினால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனாலேயே. பிசின் செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், பாகுமையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. எனவே இருமடங்கு ஆழம் செல்ல நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆனால் பிசினோ நேரம் செல்லச் செல்லத் தடித்துக்கொண்டே போகிறது. ஊடுருவலுக்கும் இறுகலுக்கும் இடையிலான இப்போட்டியே இம்முறையின் எல்லையை வகுக்கிறது. மிக மெதுவாக இறுகும், மிக இளகிய பிசின் தேர்ந்தெடுக்கப்படுவது இதனால்தான். கரைப்பான் கலந்து இளக்குவதும் உண்டு. ஆயினும் கரைப்பான் உள்ளே சிக்கி வலுவைக் குறைக்கும். வெளியேறினாலோ துளைகளை வெறுமையாக விட்டுச்செல்லும். எனவே கரைப்பானற்ற வகைகளே மேலானவை.

இதிலிருந்து ஒரு முரண் தோன்றுவதைக் காணலாம். துளைகள் மிகுந்த நொய்ந்த தரையே பிசினை நன்கு குடிக்கும். மேலே கெட்டித்தோலும் கீழே பொலபொலப்பும் கொண்ட தரையில் பிசின் தோலிலேயே நின்றுவிடும். ஆகையால் பால்படலமும் பழைய பூச்சும் பசையும் தேய்த்து நீக்கப்படவேண்டும். ஒரு துளி நீரை விட்டு, அது உடனே உறிஞ்சப்படுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதே பரப்பு ஆயத்தமானதா என்பதை அறியும் எளிய வழி. பின் பிசினை ஊற்றி, தரை மேலும் உறிஞ்சாத வரை ரப்பர் வழிப்பானால் பரப்புவர். முதலில் ஊற்றியது இறுகுமுன் அடுத்தது ஊற்றப்படவேண்டும். தேங்கி நிற்பதை வழித்தெடுத்து மணல் தூவுவர். பலகத்திலிருந்து முழுதும் பிரிந்து வெற்றொலி தரும் படலத்தையும், கையால் பிசைந்தால் மணலாகும் படலத்தையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக இடுவதே சிக்கனமானது. விலைமிக்க பிசினை அதில் கொட்டுவதில் பொருளில்லை.

ஈரமும் வெப்பமும்

நீர் நிறைந்த துளையில் பிசின் நுழைய இடமில்லை. பாலித்தீன் தாளை ஏறத்தாழ 45 செ.மீ. சதுரமாகத் தரையில் நாற்புறமும் ஒட்டி, 16 மணிநேரம் கழித்துத் தூக்கிப்பார்த்தால், அடியில் வியர்த்திருப்பதோ தரை கறுத்திருப்பதோ ஈரத்தைக் காட்டிவிடும். செருமனியில் சாந்தின் மாதிரியைக் கால்சியம் கார்பைடுடன் மூடிய கலத்தில் சேர்த்து, எழும் அசிட்டிலீன் வளியின் அழுத்தத்தைக் கொண்டு ஈரத்தைக் கணிப்பர். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் தரையின்மேல் இடையறாத எப்பாக்சிப் படலம் இடப்பட்டால், நாளடைவில் அதனடியில் நீர்க்கொப்புளங்கள் எழக்கூடும்.

குளிரில் பிசின் தடித்து, இறுகாமல் கிடக்கும். வெப்பத்தில் சிக்கல் நேர்மாறானது. வினை வெப்பம் உமிழ்வதால், வாளியில் மொத்தமாகக் கிடக்கும் பிசின் தன் வெப்பத்தாலேயே மேலும் விரைந்து, புகைந்து, சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அதே பிசின் தரையில் மெல்லியதாகப் பரவினால் வெப்பம் வெளியேறி நெடுநேரம் இளகியிருக்கும். தமிழகக் கோடையில் சிறு அளவாகக் கலந்து, கலந்தவுடன் தரையில் ஊற்றுவதே முறை.

சாதாரண வெப்பநிலையில் இறுகிய எப்பாக்சிகளில் பல, 50 பாகை செல்சியசையொட்டி மென்மையடையத் தொடங்குகின்றன. நீடித்த பாரத்தின்கீழ் அவை மெல்ல மெல்ல நீளும் இயல்பும் உடையவை. இவ்வியல்பு புறக்கணிக்கப்பட்டதன் விளைவை 2006 சூலை 10 அன்று அமெரிக்காவின் பாசுடன் நகரம் கண்டது. அங்கு ஒரு சுரங்கச்சாலையின் கூரையில், எப்பாக்சியால் பதிக்கப்பட்ட ஊன்றுகோல்கள் கழன்று, 20 டன்னுக்கும் மேற்பட்ட கற்காரைப் பலகைகள் ஒரு சிற்றுந்தின்மேல் விழுந்தன. அதில் பயணித்த பெண் ஒருவர் உயிரிழந்தார். விரைந்து இறுகும் வகை எப்பாக்சி, நீடித்த இழுவிசையைத் தாங்காமல் நெகிழ்ந்ததைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் ஆய்வில் கண்டறிந்தது. அடித்தரையில் பிசின் பெரும்பாலும் அமுக்கத்துக்கே உட்படுவதால் இவ்வாபத்து குறைவு. தலைக்குமேல் தொங்கும் எதற்கும் அதே நம்பிக்கையை நீட்டித்தல் ஆகாது.

உடல்நலம்

இறுகிய எப்பாக்சி பெரும்பாலும் தீங்கற்றது. இறுகாத பிசினும் அமீன் கடினமாக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முதல் சில முறைகளில் ஒன்றும் தெரியாமலிருந்து, பின்னொரு நாள் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். ஒருமுறை உண்டான ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும்; பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மீளும். இதனால் தொழிலையே கைவிட நேர்ந்த பணியாளர்கள் உண்டு. நைட்ரைல் கையுறை அணிதல் இன்றியமையாதது. கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது பிசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகச் செலுத்தும். சோப்பும் நீருமே போதும். கற்காரையை உலர்நிலையில் வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எழும் மென்தூசியில் உள்ள சிலிக்கா, சிலிக்கோசிசு எனும் மீளாத நுரையீரல் நோயைத் தரவல்லது. எனவே தூசியை வெட்டும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் கருவியும், நுண்தூசி வடிக்கும் முகமூடியும் வேண்டும். மூக்கில் கட்டிய துண்டு இத்தூசியைத் தடுப்பதில்லை.