குடியும் குடியுரிமையும்

எங்கள் கிழக்கில் குடி தாய்வழியே வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவும் குடிப்படியே நடந்துவந்தது. ஆனால் நாட்டின் குடியுரிமை நீண்ட காலம் வேறு வழியில் வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறக்கும்போது தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே பிள்ளை வம்சாவழிப் பிரஜை. இலங்கைப் பெண் வெளிநாட்டவரை மணமுடித்தால், பிள்ளை இங்கேயே பிறந்தாலும் தாய்வழியில் அந்த உரிமை இல்லை. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே தாய், தகப்பன் இருவரில் எவர் மூலமும் அது வரலாம் என்றாக்கியது. இடையில் 55 வருடங்கள்!

சட்டம் மாறியும் நம்மவர்களின் நினைப்பு மாறவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மூத்தும்மா ஒருவர் பேரனோடு வந்தார்.

"வாப்பா வெளிநாட்டுக்காரன் சேர். விட்டிட்டுப் போயிட்டான். உம்மா நம்மட ஊருதான். இவன் எந்த நாட்டுப் புள்ள?"

பையன் 2007இல் வளைகுடா நாடொன்றில் பிறந்தவன். கையில் இருந்தது அரபியில் எழுதிய பிறப்புப் பதிவு மட்டும்.

"உம்மாட நாட்டுப் புள்ளதான். ஆனா பதியணும்" என்றேன்.

சிக்கல் இங்கேதான். இலங்கையில் பிறந்த பிள்ளைக்கு உரிமை பிறப்போடு வரும். வெளிநாட்டில் பிறந்தால் பதிவும் ஒரு நிபந்தனை. பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். பிந்தினால் கதவு அடைபடாது. தகுந்த காரணம் இருந்தால் கூடுதல் காலம் தரச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அலைச்சல் உங்களுடையது. தாயின் பத்திரங்கள், திருமணப் பதிவு, மொழிபெயர்ப்பு என்று சேர்க்கவே அந்தக் குடும்பத்துக்கு மாதங்கள் போயின.

வளைகுடா நாடுகள் அங்கே பிறந்ததற்காக மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை தருவதில்லை. இங்கும் பதியாவிட்டால் பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இடையில் நிற்கும்.

"நஸப் வாப்பா வழிதானே சேர்?" என்று சிலர் கேட்கிறார்கள். நஸப் வேறு, பிரஜாவுரிமை வேறு. வாப்பாவின் பெயர் வாப்பாவின் பெயராகவே இருக்கும். உம்மாவின் நாடும் பிள்ளைக்குச் சேரும்.

வெளிநாட்டில் மகளுக்குப் பிள்ளை கிடைத்த செய்தி வந்தால், பெயர் வைத்தாச்சா என்று கேட்கிறோம். பதிந்தாச்சா என்றும் கேட்போம்.