பஞ்சகாலத்துச் சரித்திர பாடம்

சரித்திரம் என்றதும் முடி சூடிய வேந்தரும் வாளேந்திய வீரருமே நம்மிற் பலருக்கு நினைவில் வருவர். அடுப்பங்கரைக்கும் சரித்திரத்துக்கும் உறவுண்டென எண்ணுவோர் சிலரே. 2022-ஆம் ஆண்டில் இலங்கை பட்ட துன்பம் அவ்வுறவைப் பலருக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. 1948-இல் சுதந்திரம் பெற்றபின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. கடதாசி கிடையாமையால் மேல் மாகாணத்திற் பரீட்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன.

அக்காலத்தில் இருவர் ஆசிரியப் பயிற்சிக்காக நமது பாடசாலைக்கு வந்திருந்தனர். ஒருவர் பட்டணத்து இளைஞர். மற்றவர் தேயிலைத் தோட்டத்திற் பிறந்த பெண். இளைஞர் ஒருநாள் 1848-ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியைப் போதித்தார். புரன் அப்புவின் வீரத்தையும் தேசாதிபதி டொரிங்டனின் கடுமையையும் நன்றாகவே விவரித்தார். அப்போது மாணவன் ஒருவன் எழுந்து, "நாய்க்குக்கூட வரி போடுவானேன்? அந்த அரசாங்கத்திடமும் காசு இல்லையா?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

"ஐயா, இத்தனை காலம் படித்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லையே!" என்று அவர் நம்மிடம் வருந்தினார்.

மின்சாரமற்ற இரவுகளில் விளக்கை வைத்துக்கொண்டு அவர் விடை தேடினார். கோப்பியின் விலை வீழ்ந்ததும், அதனால் அரசிறை குறைந்ததும், துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்ததும், வருஷத்தில் 6 நாள் சாலை வேலை செய் அல்லது பணங் கட்டு என ஆணையிட்டதும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாய் அவருக்குப் புலப்பட்டன. பின்னர் 1953-ஆம் ஆண்டுக்கு வந்தார். கொத்து 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12-ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை விளக்க அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டிருந்த அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: "நாட்டுக்கு இன்றுதான் வறுமை வந்ததாக எல்லாரும் பேசுகிறார்கள், ஐயா. எங்கள் லயத்துக்கு அது புதிய விருந்தாளியன்று."

உண்மையே. கோப்பி நோயால் அழிந்தபின் மலையைத் தேயிலைத் தோட்டமாக்கி, நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தோர் அவருடைய முன்னோர். அம்மக்களிற் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையும் மறு ஆண்டில் வாக்குரிமையும் இழந்தனர். இளைஞர் அன்று மறுமொழி கூறவில்லை. அடுத்த பாடத்தை இருவரும் சேர்ந்தே நடத்தினர்.

வறுமை தானாகவே அறிவு புகட்டிவிடும் என நாம் கூறவில்லை. பசித்தவனுக்குப் பழியைச் சுமத்த ஓர் அயலான் எளிதிற் கிடைப்பான். "யாரால் வந்தது?" என்று மட்டும் கேட்கும் வகுப்பிற் பகைமை வளரும், "எவ்வாறு வந்தது? யார் யாரை வருத்திற்று?" என்றுங் கேட்கும் வகுப்பிலேயே தேசம் உருவாகும். அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த உபாத்தியாயரே நமக்கு வேண்டும்.

வாசகர்களே, உங்கள் பெட்டியடியிற் பழைய கூப்பன் புத்தகம் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள். அதுவும் தேச சரித்திரமே.