காய்ச்சல் வரவழைத்த டாக்டர்

1891 ஜனவரியில், நியூயார்க்கில் சிகிச்சை பெற்ற 17 வயதுப் பெண் ஒருத்தி எலும்புப் புற்றுநோயால் இறந்தாள். கையையே வெட்டி எடுத்தும் பலனில்லை. மனம் ஆறாத அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஒருவருக்குக் கழுத்தில் கட்டி. அறுக்க அறுக்க வளர்ந்தது. இடையில் எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று வந்து கடும் காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் விட்டபோது கட்டியைக் காணோம். ஏழு ஆண்டு கழித்து மான்ஹாட்டனில் அவரைக் கோலி தேடிப் பிடித்தார். ஆள் திடமாக இருந்தார்.

கோலி அந்தக் கிருமியையே நோயாளிகளின் உடம்பில் ஏற்றினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. தொற்றே சிலரைக் கொன்றது. பிறகு, சூடாக்கிக் கொன்ற கிருமிக் கலவைக்கு மாறினார். குளிர் நடுக்கி உடம்பு அனலாய்க் கொதிக்கும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போவார். எப்படிக் குணமாகிறது என்று அவருக்கும் தெரியாது. கலவையும் எப்போதும் ஒரே தரத்தில் இல்லை. மற்ற டாக்டர்கள் நம்பாததில் எனக்கு வியப்பில்லை. கதிர்வீச்சு வந்ததும் ஊசி ஓரங்கட்டப்பட்டது.

கோலியின் ஊசி தூண்டியது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியை என்று இன்று கருதுகிறார்கள். அதைப் புற்றுக்கு எதிராகத் திருப்பும் வழி தெளிய நூறு ஆண்டு ஆனது. நோயெதிர்ப்புப் படையின் டி செல்களுக்குப் பிரேக் உண்டு என்பதையும், புற்றுக்கு எதிராக அதை விடுவிக்கலாம் என்பதையும் ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் காட்டினார்கள். 2011இல் அமெரிக்காவில் இப்படிப் பிரேக்கை விடுவிக்கும் முதல் மருந்துக்கு அனுமதி. 2018இல் இருவருக்கும் நோபல். மூளைவரை மெலனோமா என்னும் தோல் புற்று பரவியிருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015இல் இந்த வகை மருந்தையும் கதிர்வீச்சையும் எடுத்துக்கொண்டார். 100 வயதைத் தாண்டினார். எல்லாருக்கும் இப்படிப் பலிப்பதில்லை. பிரேக் விட்ட செல்கள் சிலரின் குடலையும் தைராய்டையும் தாக்குகின்றன.

இன்று டி செல்களை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றித் திரும்ப ஏற்றுகிறார்கள். இந்த கார்-டி சிகிச்சையில் காய்ச்சல்தான் டாக்டர்களின் கவலை. 2012இல் பிலடெல்பியாவில் ரத்தப் புற்று வந்த ஆறு வயதுச் சிறுமி அந்தக் காய்ச்சலில் நினைவிழந்து வென்டிலேட்டரில் கிடந்தாள். மூட்டுவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் அவளை மீட்டது. ஆராய்ச்சித் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கும் மூட்டுவாதம். அதனால்தான் அந்த மருந்து அவர் நினைவுக்கு வந்தது! ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் சிறு பங்குதான், ஆனாலும் லட்சங்களில்.

அதே நோயெதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே பழக்கும் ஊசியும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, பின்னாளில் வரக்கூடிய கல்லீரல் புற்றையும் தடுக்க உதவுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.